தேங்காய்ச் சக்கைக்கு மானியம் கேட்ட கதை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்கள் சமையற்கூடம். என்னையும் என் கணவரையும் சேர்த்து எட்டுப் பேர். ஆப்ப மாவு, தோசை மாவு, சொதி, குருமா, அப்புறம் கல்யாணம், காதுகுத்து என்றால் மொத்தச் சாப்பாடு. தேங்காய் உடைக்காமல் ஒரு நாளும் விடியாத தொழில். பால் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை வாளி வாளியாகக் குப்பைக்குப் போகும். இங்குள்ள வெக்கைக்கு அது அரை நாள்கூடத் தாங்காது. புளித்துப்போய், பழைய எண்ணெயும் தயிரும் கலந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். 2023 ஜனவரியில் கீழ்த்தளத்துப் பச்சைத் தொட்டி நிரம்பி வழிந்ததை பக்கத்து யூனிட்காரர் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பினார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வெறும் படம். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அன்று இரவு வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் மாமியார், "ஏம்மா, திப்பியையா கொட்டுறீங்க? எங்கம்மா அத வெயில்ல காயவச்சு, மொளகா, உப்பு, பூண்டு போட்டு இடிச்சுப் பொடியாக்கிருவாங்க. மிச்சம் மாட்டுக்கு" என்றார். மாடு வளர்க்க உட்லண்ட்ஸில் வழியில்லை. ஆனால் பொடி மனத்தில் நின்றுவிட்டது. மறுநாள் இரண்டு கிலோ சக்கையை வீட்டு அவனில் 70 டிகிரியில் ஆறு மணி நேரம் காயவைத்து மிக்சியில் அடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ரவையைவிடச் சற்று மென்மையாக, லேசான இனிப்போடு ஒரு மாவு. அரிசி மாவில் ஐந்துக்கு ஒரு பங்கு கலந்து முறுக்குப் பிழிந்தோம். வாயில் போட்டதும் உதிர்ந்தது. அத்தை நாலு எடுத்துக்கொண்டார், அவர் எடுத்தால் நல்லது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மானியம் இருக்கிறது என்று சொன்னது ஒரு தோழி. சுழற்சிப் பொருளியல், அதாவது கழிவைத் தூக்கி எறியாமல் திரும்பப் பயன்படுத்துவது, என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். போய்த் தேடினால் கடல் மாதிரி விரிந்தது. 2019இல் வந்த கழிவில்லாச் சிங்கப்பூர் பெருந்திட்டத்தில் முதலில் கவனிக்கவேண்டிய மூன்று கழிவுகளில் உணவும் ஒன்று; மற்ற இரண்டும் மின்னணுக் கழிவும் பொட்டலக் கழிவும். எரிக்கக்கூடியதை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி செமாக்காவ் தீவில் கொட்டுகிறோம். 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. 2023இல் மட்டும் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு உருவானது, அதில் 18 விழுக்காடுதான் மறுபயனீடு ஆனது. இந்த 2023 எண்களை நான் பிறகுதான் பார்த்தேன். ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே இந்த மாதிரித் தகவலாக ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளியிருந்தேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு செமாக்காவ் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லித்தரவேண்டுமா? அவருக்குத் தெரியவேண்டியது என் வாளியில் எத்தனை கிலோ என்பது. அந்த இடத்தில் நான் "சுமார் 2 டன், மாதத்துக்கு" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

ஆனால் விண்ணப்பம் அதனால் விழவில்லை. அதற்கு முன்பே விழுந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. பிப்ரவரிக் கடைசியில் ஓர் உணவு இயந்திரக் கண்காட்சிக்குப் போனோம். அங்கே சக்கையைக் காயவைக்கத் தோதான ஒரு டிரையர், எவர்சில்வர் உடம்பும் இருபத்துநான்கு தட்டுகளுமாகப் பளபளவென்று நின்றது. விலை 21,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விற்பனையாளர் நல்ல மாதிரிதான் பேசினார். மாத முடிவோடு இந்த விலை முடிகிறது, 30 விழுக்காடு முன்பணம் கட்டினால் விலையைப் பிடித்துவைக்கலாம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் தட்டுகளைப் பார்த்தேன். 6,420 வெள்ளியைப் போனிலேயே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பி, ஆர்டர் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வரும் வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். மானியத்துக்கு அப்புறம் விண்ணப்பித்துக்கொள்ளலாம், வாங்கியதற்கு ரசீது காட்டினால் கொடுப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இதைப் படிக்கிறவர்கள் பாதியில் எழுந்து போவதென்றால் இதை மட்டுமாவது தெரிந்துகொண்டு போங்கள். இங்கே நிறுவனங்களுக்கான மானியங்களில் பெரும்பாலானவை, நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே தொடங்கிவிட்ட திட்டத்துக்குக் கிடைக்காது. தொடங்குவது என்றால் இயந்திரம் வந்து இறங்குவது என்று நினைக்காதீர்கள். முன்பணம் கட்டினாலும் தொடங்கியதுதான். ஆர்டரில் கையெழுத்துப் போட்டாலும் தொடங்கியதுதான். விலைப்புள்ளி வாங்கலாம், பத்துப் பேரிடம் பேசலாம், செயல்விளக்கம் பார்க்கலாம். பணமும் கையெழுத்தும் மட்டும் கூடாது. சில திட்டங்களில் விண்ணப்பம் போய்ச்சேர்ந்த பிறகு வாங்கலாம், சிலவற்றில் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். உங்கள் திட்டத்தில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலை ஏறிவிடும் என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினால், "மானியம் கிடைத்தால் மட்டும் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். என் அனுபவத்தில், மாதம் முடிந்த பிறகும் அதே விலைதான் இருந்தது.

இது தெரியாமலே மார்ச்சில் ஒரு கன்சல்டண்டைப் பிடித்தேன். படிவம் நிரப்பித் தருவதற்கு 2,800 வெள்ளி முன்கூட்டியே, மானியம் கிடைத்தால் அதில் 10 விழுக்காடு தனியாக. பேச்சு படு இனிப்பு. எங்கள் சமையற்கூடத்துக்கு ஒரே ஒரு முறை வந்தார், பதினைந்து நிமிடம் இருந்தார், சக்கையைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த வரைவில் நாங்கள் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துவதாக இருந்தது. திருத்தச் சொன்னேன், ஓர் இடத்தில் திருத்தி இரண்டு இடத்தில் விட்டுவிட்டார். கடைசியில் மூன்று இரவு உட்கார்ந்து நானே மறுபடி எழுதினேன். இதில் கார்ப்பாஸ் வேறு, நிறுவனங்கள் அரசாங்க இணையத்தளங்களுக்குள் நுழையும் கணக்கு அது. நிறுவனத்தின் கார்ப்பாஸ் நிர்வாகி என் கணவர். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் தளமான பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டலுக்கான அனுமதியை அவர் என் பெயருக்கு ஒதுக்காததால், தனியாளுக்கான நுழைவுக் கணக்கான என் சிங்பாஸை வைத்து உள்ளே போனால் நிறுவனமே தெரியவில்லை. காரணம் புரியவே ஆறு நாள் ஆயிற்று. ஒதுக்க மூன்று நிமிடம்.

படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி வந்தது. இந்தத் திட்டத்துக்காக இதுவரை எந்தப் பணமும் கட்டவில்லை, எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை என்று டிக் போடவேண்டும். கணினி மவுஸை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கன்சல்டண்டுக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை. "அது ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. பழைய ஆர்டரை கேன்சல் பண்ணின மாதிரி வச்சுக்கிட்டு, கொட்டேஷனைப் புதுத் தேதி போட்டு வாங்கிடலாம். எல்லாரும் செய்யறதுதான்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு முழுக்க அதைச் செய்யலாமா என்று யோசித்தேன். 6,420 வெள்ளி எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை. விடிகாலையில் கணவர்தான், "பேநவ்ல தேதி இருக்கே, அதை எப்படி மாத்துவ?" என்று கேட்டார். தப்பு என்பதைவிட மாட்டிக்கொள்வோம் என்பதுதான் முதலில் உறைத்தது, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பொய்த் தகவல் கொடுத்து மானியம் வாங்குவது குற்றம், அதற்காக இங்கே நீதிமன்றம் போனவர்கள் இருக்கிறார்கள். கன்சல்டண்ட் எழுதியிருந்தாலும் உறுதிமொழி நம் பெயரில்தான் போகிறது. மறுநாள் முன்பணம் கட்டியதை அப்படியே குறிப்பிட்டு, விளக்கக் கடிதம் ஒன்று இணைத்து அனுப்பினேன். ஒன்பது வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. இல்லை.

எந்தத் திட்டம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது. ஆனால் அந்த ஒன்பது வாரமும் தினமும் காலையில் போர்ட்டலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தேன். டிரையர்காரர் ஆர்டரை ரத்துசெய்யச் சம்மதித்து, 4,000 வெள்ளி திருப்பிக் கொடுத்தார், 2,420 பிடித்துக்கொண்டார். ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது எழுதியிருந்தது. கன்சல்டண்டின் 2,800 போனது போனதுதான். ஆக 5,220 வெள்ளி, ஆறு மாதம். கூடவே எனக்கும் கணவருக்கும் இடையே ஒரு வாரம் பேச்சு இல்லை. அந்த வாரம் சக்கை வாளியை நானே கீழே தூக்கிப்போய்க் கொட்டினேன்.

திரும்பவும் விண்ணப்பிக்கும் எண்ணமே இல்லாமல் இருந்தேன். ஒரு வேலையாக சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபையின் எஸ்எம்இ (சிறு, நடுத்தர நிறுவன) நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த ஆலோசகரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு குப்பைன்னு நிறுத்துப் பார்த்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. மலாய், சீன வர்த்தகச் சபைகளிலும் இப்படி நிலையங்கள் உண்டு. 2,800 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய உதவியைவிட அந்த ஒரு மணி நேரம் எவ்வளவோ மேல். முதலில் இங்கே போயிருக்கவேண்டும்.

அவர் சொல்லித்தான் ஒவ்வொரு திட்டமும் வெவ்வேறு ஆளுக்கு என்பது விளங்கிற்று. இனி சொல்வதெல்லாம் அன்றைய நிலவரம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 3ஆர் (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) நிதி, தகுதியுள்ள செலவில் 80 விழுக்காடு வரை, ஒரு மில்லியன் வெள்ளி வரை என்று கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே பேச்சே டன் கணக்கில், எத்தனை டன் குறைத்தீர்கள் என்பதை வைத்துத்தான் பணம். ஒரு கடைத்தொகுதியோ பெரிய ஆலையோ என்றால் சரி. எஸ்ஜி ஈக்கோ நிதி 2020இல் 50 மில்லியன் வெள்ளியோடு தொடங்கியது. அதில் சமூகத்தை ஈடுபடுத்தும் பங்கு கட்டாயம் இருக்கவேண்டும். 10,000 வெள்ளி வரைக்குமான சின்னப் பிரிவு ஒன்றும் உண்டு. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உரம் போடக் கற்றுக்கொடுப்பது போன்றவற்றுக்கு அது பொருந்தும். நான் என் தொழிற்கூடத்துக்கு இயந்திரம் வாங்க அங்கே போனால் எடுபடாது. குளிர்பதனப் பெட்டி, சமையல் சாதனம் போன்றவற்றை மின்சாரம் குறைவாகப் பிடிப்பதாக மாற்ற எரிசக்திச் சிக்கன மானியம் இருக்கிறது, 2022இல் வந்தது. அங்கே முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ள சாதனமாக இருந்தால் வேலை சுலபம். புதுப் பொருள் உருவாக்குவது, தயாரிப்பு முறையை மாற்றுவது என்றால் எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம். அதற்கு நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காடு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி பங்கு வேண்டும், நிதிநிலையும் தாங்கவேண்டும். விழுக்காடும் கடைசித் தேதியும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால், நண்பர் சொன்னது, போன வருடம் படித்தது எதையும் நம்பவேண்டாம், விண்ணப்பிக்கும் வாரத்தில் அவர்கள் பக்கத்தையே பாருங்கள். நான் எல்லாத் திட்டத்தையும் மானியம் என்ற ஒரே பெயரில் மூட்டை கட்டிக்கொண்டு அலைந்தேன்.

அப்புறம் நிறுத்தல். முஸ்தஃபா கடையில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி சக்கை வாளிக்குப் பக்கத்தில் வைத்தோம். சுவரில் ஒரு பள்ளிக்கூட நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தேதி, நேரம், கிலோ, கையெழுத்து. முதல் இரண்டு வாரக் கணக்கு முழுவதும் வீண். பிழியும் வேலை பார்க்கும் தம்பி வாளியோடு சேர்த்து நிறுத்து எழுதியிருந்தான். வாளி 1.3 கிலோ, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. அதோடு காலையில் சரியாகப் பிழியாத சக்கையில் தண்ணீர் நிற்கும், மாலையில் நன்றாக ஒட்டப் பிழிந்திருக்கும், எடையில் வித்தியாசம் வரும். பிழிந்த பின் பத்து நிமிடம் வடியவிட்டுத்தான் நிறுக்கவேண்டும் என்று ஒரு முறை வைத்தோம். பன்னிரண்டு வாரம் விடாமல் எழுதியதில் வந்த கணக்கு: வார நாட்களில் 31 கிலோ, வெள்ளி, சனியில் 58 கிலோ, ஞாயிறு விடுமுறை. மாதத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். முதல் விண்ணப்பத்தில் 2 டன் என்று எழுதியவள் நான்! அந்த இருபத்துநான்கு தட்டு டிரையர் எங்களுக்குப் பாதி நேரம் சும்மா கிடந்திருக்கும். இப்படி ஒரு நோட்டை மானியம் கேட்க நினைக்கும் நாளிலேயே தொடங்கிவிடுங்கள், தாள் நோட்டாக இருந்தாலும் போதும், வாரம் ஒருமுறை பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் முடிந்த பிறகு எவ்வளவு குறைந்தது என்று கேட்பார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்பது உங்களிடம் இல்லையென்றால் குறைந்ததை எதைக் கொண்டு காட்டுவீர்கள்?

2024 ஏப்ரலில் இரண்டாவது விண்ணப்பம் போட்டேன், வேறு திட்டத்தில், நானே. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கினேன். மூன்றும் ஒரே கொள்ளளவுக்கு, ஒரே மாதிரி வரிகளில் இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒன்றில் போக்குவரத்துச் செலவு உள்ளடக்கம், மற்றதில் தனி என்றால் ஒப்பிட முடியாமல் திரும்பத் திரும்பக் கேள்வி வரும். யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள் என்று ஆலோசகர் எச்சரித்திருந்ததால், எங்களிடம் மாவு வாங்கும் இரண்டு கடைக்காரர்களுக்கு மாதிரி கொடுத்து, பிடித்திருந்தால் மாதம் இத்தனை கிலோ எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் நிறுவனத் தாளில் எழுதி வாங்கினேன். லிட்டில் இந்தியாவில் முறுக்குக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் "எழுதித்தான் தரணுமா, நான் வாங்கமாட்டேனா?" என்று கோபித்துக்கொண்டார். டீ வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்து எழுதி வாங்கினேன். குப்பை குறைகிறது என்பதோடு நிற்காமல் காசு வருகிறது என்று காட்டும் இடம் இது. என் விண்ணப்பத்தில் அதிகக் கேள்விகள் வந்ததும் இதில்தான்.

இரண்டு விஷயம் யாரும் சொல்லாமல் நானே முட்டிக்கொண்டது. ஒன்று மின்சாரம். புது டிரையருக்கு மூன்று கட்ட மின் இணைப்பு வேண்டும். உரிமம் பெற்ற மின் ஊழியர் வந்து பார்த்து, எங்கள் பெட்டி தாங்காது என்று சொல்லி, கட்டட உரிமையாளரின் ஒப்புதலுக்கு ஐந்து வாரம் ஆகி, 2,700 வெள்ளி செலவு. அதை இடச் சீரமைப்பு என்று சொல்லி மானியத்தில் சேர்க்கவில்லை. இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போதே எத்தனை கிலோவாட், எந்த இணைப்பு என்று கேளுங்கள். இன்னொன்று உணவு உரிமம். சக்கையைக் கழிவு என்று எழுதினால் அதை மனிதர் சாப்பிடும் பொருளாக்குவது எப்படி என்று கேள்வி வரும். பிழிந்த கையோடு, தரையில் வைக்காமல், மூடிய பாத்திரத்தில், இத்தனை நேரத்துக்குள் டிரையருக்குள் போகிறது என்று ஒவ்வொரு படியையும் எழுதி, ஆய்வகச் சோதனையும் செய்து வைத்துக்கொண்டேன். புதுப் பொருள், புது இயந்திரம், இட அமைப்பில் மாற்றம் என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, பின்னால் கேட்டால் தட்டு கழுவுமிடத்தையே நகர்த்தவேண்டி வரலாம். எங்களுக்கு வந்தது.

ஆகஸ்டில் ஒப்புதல் கடிதம் வந்தது. ஏற்கப்பட்ட செலவு 23,250 வெள்ளி: டிரையர் 18,600, அரைவை இயந்திரம் 3,200, ஆய்வகம் 1,450. அதில் பாதி மானியம், 11,625. அன்று சமையற்கூடத்தில் எல்லோருக்கும் கேசரி. அத்தைக்குத் தனியாக ஒரு டப்பா.

கேசரி செரிக்கும் முன்பே அடுத்த கவலை. கடிதம் வந்தால் பணம் வந்ததாக அர்த்தம் இல்லை. முழுத் தொகையையும் நாம் கட்டி, திட்டத்தை முடித்து, கணக்குக் காட்டி, அப்புறம்தான் பாதி திரும்பி வரும். அதோடு ஜிஎஸ்டி. மானியம் ஜிஎஸ்டி இல்லாத தொகைக்குத்தான். ஆண்டு வருவாய் ஒரு மில்லியனுக்குக் கீழே இருப்பதால் நாங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை, ஆகவே கட்டிய 9 விழுக்காட்டை வேறு எங்கேயும் திரும்பக் கேட்க முடியாது. 2,092 வெள்ளி 50 காசு, நேராகக் கைவிட்டுப் போகிறது. மொத்தம் 25,342 வெள்ளி 50 காசு நவம்பருக்குள் கட்டவேண்டும். கையிருப்பு, சீட்டுப் பணம் எல்லாம் போட்டும் 8,000 குறைந்தது. சிராங்கூன் சாலை அடகுக்கடைக்கு என் இரட்டைவடச் சங்கிலி போயிற்று. இங்கே அடகுக்கடையில் சட்டப்படி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கிடையாது, அதனால் ஒளிந்து மறைந்து போகவேண்டியதில்லை. ஆனாலும் கடைக்குள் நுழையும்போது தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மாதம் 120 வெள்ளி. மானியப் பணம் கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது, நடுவில் அடகுச் சீட்டைப் புதுப்பித்து, ஆக 1,080 வெள்ளி வட்டி. விண்ணப்பிக்கும் முன்பே, மானியமே வராவிட்டாலும் முழுத் தொகையை ஒரு வருடம் தாங்கமுடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாதென்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது வங்கியோடு முதலில் பேசுங்கள். நான் நகையோடு பேசினேன்.

பணம் திரும்பக் கேட்கும் கட்டத்தில் இன்னொரு அடி. விலைப்புள்ளி, இன்வாய்ஸ், ரசீது, வங்கி அறிக்கை நான்கிலும் நிறுவனத்தின் பெயரும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். அரைவை இயந்திரம் வந்த அன்று நிறுவனக் கணக்கில் பணம் போதாமல் என் கணவர் தன் சொந்தக் கடன் அட்டையில் கட்டிவிட்டார். கடைக்காரரும் அட்டையில் இருந்த பெயரிலேயே இன்வாய்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கடிதம் எழுதிப் பார்த்தேன். 3,200 வெள்ளியை ஏற்கவில்லை. 1,600 போயிற்று. திட்டத்துக்கென்று ஒரு தனிக் கோப்பு வைத்து, கடைக்காரர் இன்வாய்ஸ் நீட்டும்போதே நிறுவனப் பெயரும் அதன் பதிவு எண்ணான யூஇஎன்னும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்டவேண்டும். எனக்கு இது தெரியும், கணவரிடம் சொல்லவில்லை, இரண்டு பேர் நடத்தும் தொழிலில் ஒருவருக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. வெளித் தணிக்கையாளர் சான்றுக்கு 850 வெள்ளி. 2025 ஆகஸ்டில் கணக்கில் வந்தது 10,025. மறுநாளே சங்கிலியை மீட்டேன்.

முதல் சுற்றில் விட்டதையும், வட்டி, தணிக்கை, மின்வேலை எல்லாவற்றையும் கூட்டினால் 9,850 வெள்ளி வருகிறது. வந்த மானியம் 10,025. கணவர் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு என் முன்னால் வைத்தார், கீழே மிச்சம் 175 என்று இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் விட்ட 1,600 எங்கே என்று கேட்டேன். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிரையர் நன்றாக ஓடுகிறது. பச்சைத் தொட்டியில் வாடை இல்லை, பக்கத்து யூனிட்காரர் தீபாவளிக்கு முறுக்கு வாங்கிப்போனார். ஒப்புதல் கடிதத்தின்படி திட்டம் முடிந்து ஒரு வருடம்வரை பலனைக் காட்டவேண்டும், அதற்காக நோட்டு இன்னமும் சுவரில் தொங்குகிறது. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின நாலு நாள், வருடத்திலேயே அதிகத் தேங்காய் உடைத்த நாட்கள், ஒரு வரிகூட எழுதவில்லை. பிழியும் தம்பியைக் கேட்டால், "அன்னிக்கு கை ஓயலக்கா, எல்லாம் டிரையர்லதான் போட்டேன்" என்கிறான். போட்டிருப்பான். மாவு மூட்டையின் எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அது மதிப்பீடு என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஏற்பார்களா என்று கேட்டு ஈமெயில் அனுப்பியாயிற்று, இன்னும் பதில் வரவில்லை.